உப்பளத்தில் இறங்கிய நிழல்

ஏலிம்புரத்து உப்பளத்தில், உயிர்த்தெழுந்த பண்டிகை கழிந்த மறு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி வாக்கில், மரமும் இல்லாமல் மேகமும் இல்லாமல் ஒரு நிழல் இறங்கிவந்து ஆமோஸ் கங்காணியின் மேல் நின்றது. நின்றது நின்றதுதான், அதன் பிறகு நாலு மாதத்துக்கு அது அவரை விட்டுப் போகவில்லை.

ஏலிம் என்பது வேதத்தில் பன்னிரண்டு நீரூற்றும் எழுபது பேரீச்ச மரமும் உள்ள இடத்தின் பெயர். ஊற்றும் கிடையாது, மரமும் கிடையாது என்றிருந்த இந்தக் கடலோரத்துக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டுப் போன வெள்ளைக்காரப் பாதிரியார், ஒன்று, வேடிக்கைக்காரராக இருந்திருக்கவேண்டும், அல்லது மகா விசுவாசியாக இருந்திருக்கவேண்டும். நானூறு ஏக்கர் உப்புப் பாத்தியில் புல்கூட முளைக்காது. வெயில் மேலேயிருந்து ஒரு தடவை அடிக்கும், பாத்தியில் பட்டுக் கீழேயிருந்து இன்னொரு தடவை அடிக்கும், நடுவில் நிற்கிற பெண்கள் தலையையும் முகத்தையும் துணியால் கட்டிக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே விட்டிருப்பார்கள், அந்தக் கண்ணும் சாயங்காலத்துக்குள் சிவந்துபோயிருக்கும்.

நிழல் ஒரு நடுத்தர வேப்பமரத்து நிழல் அளவு இருந்தது. வேம்பின் அடியில் ஆடுவதைப் போலவே சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டுகள் அதற்குள் ஆடின. அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம். கங்காணி நடந்தால் அதுவும் நடந்தது, நின்றால் நின்றது, அவர் வரப்பிலிருந்து வரப்புக்குத் தாண்டினால் அதுவும் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தாண்டியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நிழல் வந்ததைப் பற்றி ஏலிம்புரத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. கடவுளுக்கு அதெல்லாம் ஒரு வேலையா என்று விட்டுவிட்டார்கள். அது வந்து நின்ற ஆளைத்தான் அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆமோஸ் இருபத்திரண்டு வருஷமாக அங்கே கங்காணி. அவ்வளவு பெரிய அளத்தில் குடை வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான், கழுத்தில் ஒரு விசில் தொங்கும், சுமையை இறக்கிவிட்டு யாராவது குத்தவைத்தால் எத்தனை தூரத்திலிருந்தும் அந்த விசில் ஊதும். அவர் மனைவி இறந்தபோது துக்கத்துக்குப் போனவர்கள் வாசலோடு திரும்பிவந்தார்கள். எந்தக் கல்யாணத்துக்கும் அவரை யாரும் அழைப்பதில்லை, அவரும் எதிர்பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஜெபக்கனியின் காரியம் ஒன்று இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு மே மாதத்தில், ஏழு மாதக் கர்ப்பிணியாக உப்புச் சுமந்துகொண்டிருந்த ஜெபக்கனி, தலை சுற்றுகிறது, மோட்டார் ரூம் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டாள். நிழல் தேடுகிறவளுக்கு உப்பளத்தில் என்ன வேலை என்று ஆமோஸ் சொன்னார். அவள் திரும்பிப் போய் உப்புப் பெட்டியைத் தூக்கினாள், பன்னிரண்டு நடை போனாள், பதின்மூன்றாவது நடையில் உப்பு அம்பாரத்தின் அடியில் விழுந்தாள். பெண்பிள்ளை. உயிரில்லாமல் பிறந்தது. அதன் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் புருஷன் பொன்ராஜ் உப்பு லாரி ஓட்டுகிறவன், சாந்தமானவன், கங்காணியைக் கொல்லப்போகிறேன் என்று ஒரு நாள் கிளம்பி, பாதி வழியில் உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பிவந்தான். ஜெபக்கனி நாற்பது நாளில் திரும்பவும் அளத்துக்கு வந்தாள், ஏனென்றால் ஏலிம்புரத்தில் வேறு வேலை கிடையாது, வந்த நாளிலிருந்து ஆமோஸின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட மனுஷன்மேல் அந்த நிழல் வந்து நின்றது.

முதலில் அவருக்கே அது பிடிக்கவில்லை. சாவு வந்து நிற்கிறது என்று நினைத்தார். குடையை விரித்துப் பார்த்தார், நிழல் குடையையும் சேர்த்து மூடிக்கொண்டு நின்றது. ஓடிப் பார்த்தார். ஐம்பத்தாறு வயதில் அவர் வரப்பில் ஓடியதை எல்லாரும் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள், ஊதுகிறவரே ஓடிக்கொண்டிருந்ததால் விசில் சத்தம் கேட்கவில்லை. மறுநாள் அதை எங்கேயாவது விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார். பஸ் கிளம்பும்போது நிழல் ஏலிம்புரத்து நிறுத்தத்திலேயே நின்றுவிட்டது, அவருக்கு நிம்மதியாக இருந்தது, கண்ணை மூடித் தூங்கியும் போனார். தூத்துக்குடியில் இறங்கப் படியில் கால் வைத்தபோது, கீழே, அவர் கால் படவேண்டிய இடத்தில், அது முன்னாலேயே வந்து காத்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் உபதேசியார் வேதமாணிக்கத்தின் வீட்டுக்குப் போனார். ஏலிம்புரத்துக் கோவிலுக்குத் தனியாக ஐயர், அதாவது போதகர், கிடையாது, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்திலிருந்து ஐயர் வந்து அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுப்பார், மற்ற நாளெல்லாம் மணியடிப்பதிலிருந்து பிரசங்கம்வரை உபதேசியார்தான். ஆமோஸ் வாசலில் நின்றபடியே, உபதேசியாரே, இது ஆள் மாறி வந்திருக்கிறது, ஜெபம்பண்ணி அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். உபதேசியாரும் மனதுக்குள் அப்படியேதான் நினைத்தார். அவர் உண்மையானவர் என்பதால் அதை மறைக்கவில்லை, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது கங்காணி, கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி ஜெபம்பண்ணினார். அந்த ஜெபத்தின் நடுவில், வேண்டுமானால் தகுதியுள்ள வேறு யாருக்காவது, உதாரணமாகக் கோவில் ஊழியம் செய்கிற யாருக்காவது அது போகலாம் என்று ஒரு வார்த்தை சேர்த்ததாகப் பிற்பாடு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது நிழல் ஆமோஸ்மேல் இருந்தபடியே இருந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் சந்தோசம் தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவந்தாள். சந்தோசம் அளத்திலேயே வாய் நீளமான பெண், பயமில்லாதவள், அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சலும் இருந்தது. மத்தியான வெயிலில் நேராக வந்து, கங்காணியின் காலடியில், நிழலுக்குள் உட்கார்ந்து, சட்டியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஆமோஸ் விசிலை எடுத்து உதட்டில் வைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசில் உதட்டிலேயே இருந்தது, ஊதவில்லை. ஏன் ஊதவில்லை என்று பிற்பாடு கேட்டவர்களிடம், ஊதத்தான் நினைத்தேன், ஆனால் என்மேல் இருந்த குளிர்ச்சியை நான் சம்பாதிக்கவில்லை, அதிலிருந்து இன்னொருத்தியை எப்படி எழுப்புவது என்று தெரியவில்லை என்றார்.

சந்தோசம் சாப்பிட்டு முடிப்பதற்குள் இன்னும் நாலு பேர் வந்தார்கள். மறுநாள் இருபது பேர். அடுத்த வாரத்துக்குள் அதற்கு ஒரு முறையே உண்டாகிவிட்டது, காய்ச்சல்காரர்களும் கர்ப்பிணிகளும் நடுவில், கண் சிவந்தவர்கள் அவர்களைச் சுற்றி, ஆண்கள் ஓரத்தில், சிரிக்கவைக்கத் தெரிந்தவர்கள் எங்கே வேண்டுமானாலும். நிழல் நகராமல் இருக்கவேண்டுமென்றால் ஆமோஸ் நகராமல் இருக்கவேண்டும், அதனால் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அவரை அதன்மேல் உட்காரவைத்தார்கள், அவர் பெஞ்சிமேல் ஏற்றப்பட்ட பள்ளிக்கூடப் பிள்ளைபோல விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் தன் சட்டி மூடியில் கொஞ்சம் மீன்குழம்புச் சோறு வைத்து அவரிடம் நீட்டினாள். மனைவி போன பிறகு வேறொருவர் கையால் அவர் எதுவும் சாப்பிட்டதில்லை. கையில் வாங்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்.

முதலாளிக்குச் செய்தி போய், நிழல் விழுந்தால் உப்பு விளையாதே என்று பதறிக் காரில் வந்து இறங்கினார். நிழல் நின்ற பாத்தியில் தண்ணீரின் உப்படர்த்தி எத்தனை டிகிரி என்று பார்த்தார், வெயில் பாத்தியிலும் பார்த்தார், இரண்டும் ஒன்றாகவே இருந்தது, உப்பும் குறையவில்லை. அப்படியானால் சரி என்று அதைப் பற்றி மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் காரில் ஏறிப் போய்விட்டார். உபதேசியார் அதையும் ஒரு அதிசயமாகக் கணக்கில் வைத்துக்கொண்டார்.

பிறகு ஊர்க் காரியங்களுக்கும் கங்காணியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சந்தோசத்தின் மகள் கல்யாணத்தில் பந்தலுக்கு வெளியே பந்தி வைத்தபோது அவர் அந்தப் பக்கம் நின்றார். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் மைதானத்தின் நடுவில் நின்றார், பிள்ளைகள் அவரைச் சுற்றி ஓடினார்கள். யாராவது இறந்தால் சவப்பெட்டி தூக்குகிறவர்களோடு நடந்தார், பெட்டிமேல் நிழல் விழுந்தது, வழியில் நிற்கிறவர்கள் தலையில் போட்ட துணியை எடுத்துவிட்டுக் கும்பிட்டார்கள். முதலில் நிழலுக்காகத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். அது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு வீட்டில் பலகாரம் சாப்பிட்ட பிறகு அந்த வீட்டுப் பிள்ளையின் பெயர் தெரியாமல் இருக்க முடியாது, பெயர் தெரிந்த பிறகு அந்தப் பிள்ளையின் தாயைப் பார்த்து விசில் ஊத முடியாது. ஆகஸ்டு மாதத்துக்குள் அவர் பேசுகிற சத்தமே குறைந்துவிட்டது. குடையை ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்.

ஐயர் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது சபையார் அவரிடம் விளக்கம் கேட்டார்கள். தேவனுடைய கிருபை ஒன்றுதான், ஆனால் அது மனுஷனிடத்தில் வருகிற விதங்கள் பல என்று ஐயர் பிரசங்கம் பண்ணினார். நாம் கேட்பதற்கு முன்னாலேயே நம்மைத் தேடி வந்து நிற்பது ஒன்று, நல்லவன் கெட்டவன் பார்க்காமல் மழையும் வெயிலுமாக எல்லார்மேலும் விழுவது ஒன்று, குற்றவாளியைப் பிடித்து நீதிமானாக நிறுத்துவது ஒன்று, அதற்குப் பிறகு கூடவே தங்கி ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது ஒன்று, கடைசிவரைக்கும் விழாமல் தாங்கிக்கொள்வது ஒன்று என்று விரல் மடக்கிச் சொன்னார். உபதேசியார் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, நம்முடைய கங்காணிமேல் நிற்பது இதில் எது ஐயா என்று கேட்டார். ஐயர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார், கோவிலுக்குள் ஆமோஸ் உட்கார்ந்திருந்ததால் நிழல் ஒரு ஆட்டுக்குட்டியைப்போல வாசலில் காத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை என்றார் ஐயர். பின் பெஞ்சிலிருந்து சந்தோசம், எதுவாயிருந்தாலும் சோறு திங்கிற நேரத்துக்கு வந்தால் போதும் ஐயா என்றாள், ஐயர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

ஜெபக்கனி சிரிக்கவில்லை.

நிழல் வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் அதற்குள் போகவில்லை. எல்லாரும் நிழலில் சாப்பிடும்போது அவள் மட்டும் கடைக்கோடிப் பாத்தியின் வரப்பில், வெயிலில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். அவளுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு, இப்படியே வெயிலில் நின்றால் ரொம்ப நாள் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள், இரண்டு தடவை கண் இருட்டி வரப்பில் சாய்ந்தும் இருக்கிறாள். தோழிகள் கெஞ்சினார்கள், பொன்ராஜ் சண்டை போட்டான். எந்த இடத்தில் எனக்கு நிழல் இல்லையென்று சொன்னானோ அந்த இடத்தில் அவன் நிழலை நான் எப்படி வாங்குவேன் என்று அவள் பொன்ராஜிடம் கேட்டாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் ஆமோஸ் எழுந்து கடைக்கோடிப் பாத்திக்கு நடந்துபோனார். நிழல் அவருக்கு முன்னால் போய் அவள் கால் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவள் ஒரு எட்டுப் பின்னால் வைத்து வெயிலில் நின்றாள்.

"உள்ள வந்து இரு, ஜெபக்கனி. உனக்கு வெயிலு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாராம்."

"அது எனக்கும் டாக்டருக்கும் உள்ள பேச்சு."

அவர் "அன்னைக்கு நான் செஞ்சது..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க செஞ்சதை நீங்க சொல்லி நான் கேக்கவேண்டாம்," என்றாள் அவள். "நான் அங்கதான் இருந்தேன்."

அவர் திரும்பிப் போய்விட்டார். அன்று நிழலில் உட்கார்ந்தவர்களுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் வேலை முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்கு நடக்கும்போது, ஜெபக்கனி தானாகவே அவரிடம் வந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். நிழல் எனக்கு வேண்டாம், ஆனால் ஒரு இடத்துக்கு அது வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏலிம்புரத்துக் கல்லறைத் தோட்டத்திலும் மரம் கிடையாது. மேற்கு மதிலை ஒட்டி, சிலுவையோ பெயரோ இல்லாமல், ஒரு முழ நீளத்தில் ஒரு மண்மேடு இருந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் கோவில் பதிவேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. ஞாயிறு தோறும் ஆராதனை விட்டதும் ஜெபக்கனி ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு அங்கே போவதை ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், செடி எதுவும் இல்லாத மேட்டுக்கு எதற்குத் தண்ணீர் என்று யாரும் கேட்டதில்லை.

ஆமோஸ் வந்து எங்கே நிற்கவேண்டும் என்று கேட்டார். அவள் கையைக் காட்டினாள்.

"மண்ணு கொதிக்குது. ஊத்துற தண்ணி ஒரு நாழியில காஞ்சிருது. பச்சைப் பிள்ளைக்குச் சூடு தாங்காது."

அவர் போய் நின்றார், நிழல் மேட்டின்மேல் விழுந்தது. பிறகு மண்ணில் உட்கார்ந்தார். அவர் அந்த இடத்துக்கு வந்ததே இல்லை. எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது, இத்தனை வருஷமும் அந்த மதிலுக்கு வெளியே உள்ள பாதையில் சைக்கிளில் போய்வந்திருக்கிறார். பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணிவரைக்கும் அவர் அசையவில்லை. அவள் நாலு எட்டுத் தூரத்தில், வெயிலில், குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்க்கவில்லை, மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு, மண் உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவள் தவழ்ந்துபோய்க் கையை நீட்டித் தொட்டாள். குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றியைப் போலக் குளிர்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே கையை வைத்துப் பார்த்தாள், அங்கேயும் குளிர்ச்சி, மற்றக் கையையும் வைத்தாள், பிறகு குனிந்து கன்னத்தை மண்ணில் வைத்தாள், அப்படியே பக்கத்தில் படுத்துக்கொண்டாள். தலையும் தோளும் முதுகும் காலும் நிழலுக்குள் வந்துவிட்டதை அவள் கவனிக்கவே இல்லை. பிள்ளை பெற்றவள் பிள்ளைக்குப் பக்கத்தில் படுக்கிற மாதிரி, பதினோரு வருஷம் கழித்து, அவள் படுத்திருந்தாள்.

"என்னை மன்னிச்சிரும்மா," என்றார் ஆமோஸ்.

அவள் மண்ணிலிருந்து கன்னத்தை எடுக்கவில்லை. "நான் இதுக்கு ஒரு பேரு வச்சிருந்தேன்," என்றாள் கடைசியில். "யார்கிட்டயும் சொல்லல. சாரோன்."

"சாரோன்," என்றார் அவர்.

அவளைத் தவிர இன்னொருவர் வாயால் அந்தப் பெயர் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை. பொன்ராஜுக்குக்கூட அன்று சாயங்காலம்தான் தெரியும். பிற்பாடு சந்தோசம் குடைந்து குடைந்து கேட்டபோது, நான் மன்னிக்கவேண்டும் என்று முடிவெடுத்து ஒன்றும் செய்யவில்லை, எழுந்து சேலையிலிருந்த மண்ணைத் தட்டும்போது பார்த்தேன், கோபத்தைக் காணோம், யாரோ என் தலையிலிருந்து பெட்டியை இறக்கிவைத்த மாதிரி இருந்தது என்று ஜெபக்கனி சொன்னாள். அதையும் உபதேசியார் நோட்டில் எழுதினார், ஐயர் சொன்ன எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாமல் தனிப் பக்கத்தில் எழுதினார்.

ஆமோஸ் எழுந்து வாசலுக்கு நடந்தார். நாலு எட்டு வைத்ததும் வெயில் பிடரியில் சுள்ளென்று அடித்தது. நாலு மாதமாக அவர்மேல் வெயில் பட்டதில்லை. திரும்பிப் பார்த்தார். நிழல் அவரோடு வரவில்லை, மதில் ஓரத்திலேயே தங்கிவிட்டது, கொஞ்சம் சின்னதாகி, ஒரு தொட்டில் அளவுக்கு ஒடுங்கி, மேட்டின்மேல் கிடந்தது.

மறுநாள் காலையில் அவர் எல்லாரையும் போல வெயிலில் நடந்து அளத்துக்கு வந்தார். பார்த்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள், இனி மத்தியானத்துக்கு எங்கே போவது என்ற பயம் எல்லார் முகத்திலும் தெரிந்தது. பின்னாலேயே ஒரு மாட்டுவண்டி வந்தது, அதில் மூங்கிலும் பனையோலையும் இருந்தன, பாதி அவர் வீட்டு மாட்டுக்கொட்டிலைப் பிரித்துக் கொண்டுவந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு அவரே குழி தோண்டினார். மத்தியானத்துக்குள் ஒரு கொட்டகையும் மறுநாள் சாயங்காலத்துக்குள் இரண்டாவது கொட்டகையும் எழுந்தன. அதன் பிறகு பத்தரை மணிக்கு ஒரு தடவையும் ஒரு மணிக்கு ஒரு தடவையும் அவர் விசில் ஊதினார், எல்லாரும் உட்காருவதற்கு. முதலாளி வந்து பார்த்து முகம் சுளித்தார். உப்பு குறைந்தால் பிரித்துவிடுகிறேன் என்றார் ஆமோஸ். குறையவில்லை. ஜெபக்கனி இரண்டாவது கொட்டகையில், மோட்டார் பக்கத்து மூலையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கறுப்பு தெளிந்துவருவதாகப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

செப்டம்பரில் அறுப்பின் பண்டிகை வந்தது. மற்ற ஊர்ச் சபைகளில் நெல்லும் வாழைத்தாரும் சேவலும் பலிபீடத்துக்குக் கொண்டுவருவார்கள், ஏலிம்புரத்தில் உப்பு. பெட்டி பெட்டியாக வெள்ளை உப்பைக் கொண்டுவந்து படியில் கொட்டி, இந்த வருஷம் எங்களை உயிரோடு வைத்ததற்காக ஸ்தோத்திரம் என்று ஒவ்வொரு வீட்டாராகச் சொன்னார்கள். பாடல் முடிந்ததும் உபதேசியார் பதிவேட்டைத் திறந்து, ஐயரின் உத்தரவு வாங்கி, பொன்ராஜ் ஜெபக்கனி தம்பதியின் மகள் சாரோன் என்று ஒரு வரி எழுதி, எழுதியதைச் சபைக்கு வாசித்துக் காட்டினார். எல்லாரும் ஆமென் என்றார்கள்.

பண்டிகை அசனத்தை, சபை முழுக்கக் கூடிச் சாப்பிடுகிற விருந்தை, கோவில் வளாகத்தில்தான் வைப்பது வழக்கம். அந்த வருஷம் வெயில் கடுமை, யாரும் ஏற்பாடு பண்ணாமலே இலையையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு சனங்கள் ஒவ்வொருவராகக் கல்லறைத் தோட்டத்து மேற்கு மதிலுக்குப் போனார்கள். தொட்டில் அளவுக்குக் கிடந்த அந்த நிழலில் முதலில் பிள்ளைத்தாய்ச்சிகள் உட்கார்ந்தார்கள், பிறகு கண் சிவந்தவர்கள், பிறகு அவர்கள் பிள்ளைகள், பிறகு ஆண்கள், பிறகு சேகரத்திலிருந்து வந்த ஐயரும் அவர் வீட்டம்மாவும், பிறகு அழைப்பில்லாமல் வந்த பஸ் டிரைவரும் கண்டக்டரும், முந்நூற்று எழுபது பேர் பந்தி பந்தியாக உட்கார்ந்தார்கள், ஒருவர் தோளில்கூட வெயில் படவில்லை. நிழல் பெரிதானதாக யாரும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

ஜெபக்கனி சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறிவந்தாள். கடைசிப் பந்தியின் கடைசியில் ஆமோஸ் உட்கார்ந்திருந்தார். அவர் இலையில் ஒரு அகப்பை சோறு வைத்தாள், பருப்பு ஊற்றச் சொல்லி அடுத்தவளுக்குக் கண்ணைக் காட்டினாள், போகாமல் நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா அண்ணாச்சி?"

போதும் என்று சொல்வதற்காக அவர் இலைமேல் கையை மறித்து வைத்திருந்தார். அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.